நான்காவது தடம்

தீயின் சத்தம் போதவில்லை என்றான் வில்னிஸ்.
இருபத்திரண்டு வருடம் பழைய பதிவில்
மேடை எரிவது
பக்கத்து அறையில் யாரோ
மிட்டாய் உறையைப் பிரிப்பதுபோல்தான் கேட்கிறது.
சேமிப்பிலிருந்து நல்ல தீயாக ஒன்று எடுத்துப் போடு.
போட்டேன்.
கனடாவில் எவனோ ஒரு கொட்டகையைக் கொளுத்திப் பதிந்த தீ.
ஸ்டிர்னே விமானத்தளத்தில்
கச்சிதமாகப் பற்றிக்கொண்டது.

என் வேலை இதுதான்.
இரைச்சலை எடுப்பது, வேண்டிய இடத்தில் வேண்டிய இரைச்சலைத் திருப்பி வைப்பது.

பேட்டிகள் நன்றாக வந்திருக்கின்றன.
வக்கீல் தேர்ந்தெடுத்த சட்டையில் அமைப்பாளர்.
நாற்பதாயிரம் சீட்டு என்கிறார்.
கழிப்பறை எத்தனை என்று கேட்டதும்
கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.
அந்தத் துடைப்பைப் பதினொரு நொடி
வெட்டாமல் விட்டிருக்கிறான் வில்னிஸ்.

தண்ணீர் விற்ற டாக்னியாவுக்கு அப்போது பதினாறு வயது.
"காலையில் முப்பது சான்டிம்.
மூன்று மணிக்கு ஒரு லாட். ஆறு மணிக்கு இரண்டு.
விலை நான் வைக்கவில்லை,
அட்டையை மட்டும்தான் மாற்றினேன்."
எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்
என்று சொல்ல வாய் வரும்.
வீடு அப்போது எரியவில்லை.
பிடுங்கிய பிறகு எரிந்தது.

ஜூன் மாதம். பத்தரை ஆனாலும் போகாத சூரியன்.
ரஷ்யர்கள் விட்டுப்போன கான்கிரீட் ஓடுபாதை
செருப்பைத் தாண்டிச் சுட்டது.
பாடகர் வரவில்லை, வருகிறார், வரமாட்டார்.
ஒலிபெருக்கியில் மூன்றும் ஒரே குரலில்.

பிறகு வேலி.

வேலியை மூன்று கேமராக்கள் பார்த்திருக்கின்றன.
மூன்றிலும் முதுகுகள்.
வேலிக்கு அப்பால் விளக்குக் கோபுரம்.
அதன் அடியில், கேபிளைச் சுருட்டிக்கொண்டு,
பத்தொன்பது வயது ரைவிஸ்.
இப்போது நாற்பத்தொன்று. இடது கால் இல்லை.
கேமராவைப் பார்த்து நிதானமாகச் சொல்கிறார்:
"சிரித்துக்கொண்டேதான் தள்ளினார்கள்.
கெட்டவர்கள் மாதிரியே இல்லை."

நான்காவது தடம் யாரும் கேட்காதது.
யாரோ ஒரு பயிற்சிப் பையன்
பையில் வைத்து அணைக்க மறந்த பதிவுக்கருவி.
வேலிக்கு இந்தப் பக்கம், கூட்டத்தின் வயிற்றுக்குள்.
துணி உரசல், இருமல், யாரோ யாரையோ தேடும் பெயர்.
அப்புறம் ஒரு பெண் குரல்:
ஒன்று, இரண்டு,
மூன்று.

மூன்றில் குரல் மேலே ஏறி
சிரிப்பாக உடைகிறது.

அந்த மூன்றை எனக்குத் தெரியும்.
போன ஞாயிற்றுக்கிழமை பூங்காவில்
மகளை ஊஞ்சலில் வைத்துத் தள்ளியபோது
அதே மூன்று.

நான் போயிருந்தேன்.
வில்னிஸிடம் சொல்லவில்லை, அந்த வாரம் ஊரில் இல்லை என்றேன்.
ஆனால் எனக்கு நானே சொல்லிவைத்திருந்தது வேறு:
நான் பின்னால் நின்றவள்.
பிர்ச் மரத்தடியில், தலைவலியோடு,
வேடிக்கை பார்த்துவிட்டு
கடைசி பேருந்துக்கு முன்பே கிளம்பியவள்.
அந்த மரத்தின் பட்டைகூட ஞாபகம் இருக்கிறது.
நேற்று எல்லாக் காட்சிகளையும் ஓட்டிப் பார்த்தேன்.
அந்தத் தளத்தில் மரமே இல்லை.

ஒலியலையைத் திரையில் விரித்தேன்.
மூன்று என்பது பச்சையில் ஒரு சின்ன மேடு.
சுண்டுவிரல் நகத்தில் மறைந்துவிடும்.
குறித்தேன். அழிக்கும் பொத்தான்மேல் விரல்.

கதவைத் திறந்துகொண்டு காபியோடு வந்தான் வில்னிஸ்.
என்ன அது?
கூட்டம், என்றேன்.
மறுபடி போடு.
போட்டேன்.
கண்ணை மூடிக் கேட்டான்.
அடடா, உயிர் இருக்கிறது இதில். யார் அந்தப் பெண்?
தெரியாது.
கொஞ்சம் ஏற்று. தீயைக் குறைத்துவிட்டு இதை ஏற்று.

ஏற்றினேன்.
நான்கு டெசிபெல்.

வெள்ளிக்கிழமை முதல் காட்சி.
விருந்தினர் பட்டியல் வந்திருக்கிறது.
ரைவிஸுக்கு மூன்றாவது வரிசை, ஓர இருக்கை,
கால் நீட்ட வசதியாக.
எனக்கு அவருக்குப் பக்கத்தில்.